3 வருஷம் ஆனா கடன் செத்துடுமா? கோர்ட் தீர்ப்புக்கு ஆயுசு 12 வருஷம்!

"பழைய கிரெடிட் கார்டு பாக்கிதானே, 3 வருஷம் தாண்டிடுச்சு, இனி ஒண்ணும் பண்ண முடியாது ப்ரோ." ஆபீஸ் கேன்டீன்ல இந்த அட்வைஸ் இலவசமா கிடைக்கும். இது பாதிதான் உண்மை. மீதிப் பாதி ஒருநாள் எச்.ஆர். டேபிளுக்கு சம்பள ஜப்தி உத்தரவா வந்து சேரும்.

அந்த 3 வருஷம், பேங்க் உங்க மேல வழக்கு போடுறதுக்கான கெடு. நடுவுல கொஞ்சம் பணம் கட்டியிருந்தாலோ, கடனை எழுத்துல ஒத்துக்கிட்டிருந்தாலோ அந்தக் கணக்கும் மாறும். கெடுவுக்குள்ள வழக்கு போட்டுட்டா, சம்மன் நீங்க அன்னைக்குக் கொடுத்த அட்ரஸுக்குத்தான் போகும். ரூமை காலி பண்ணிட்டு நீங்க வேற ஊர்ல இருப்பீங்க. சம்மன் சேரலைன்னா கதவுல ஒட்டவோ பேப்பர்ல விளம்பரம் கொடுக்கவோ கோர்ட் உத்தரவிடலாம். அதுக்கப்புறமும் நீங்க ஆஜராகலைன்னா, எக்ஸ்பார்ட்டி, அதாவது ஒருதலைப்பட்சத் தீர்ப்பு. அதை நிறைவேற்றக் கேட்டு மனு போட 12 வருஷம் அவகாசம் இருக்கு.

இப்படி ஒரு தீர்ப்பு தெரிய வந்தா நம்மாளுங்க ரெண்டு விஷயம் பண்றாங்க. ஒண்ணு, பேப்பரை பீரோவுல வச்சுட்டு மறந்துடுறது. இல்லைன்னா, பயந்துபோய் கலெக்‌ஷன் ஏஜென்ட் சொன்ன தொகையை ஜிபே பண்றது. ரெண்டுமே தப்புங்கிறது என் கருத்து. முதல் போன் வக்கீலுக்குத்தான் போகணும்.

காரணம் 1: கெடு 30 நாள். எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை ரத்து பண்ணச் சொல்லி அதே கோர்ட்ல மனு போடலாம் (சிவில் நடைமுறைச் சட்டம், ஆர்டர் 9, ரூல் 13). சம்மன் முறையா சேரலைன்னா, உங்களுக்குத் தீர்ப்பு தெரிஞ்ச நாள்ல இருந்து 30 நாள். அதனால எந்தத் தேதியில, எப்படித் தெரிஞ்சதுன்னு குறிச்சு வைங்க. அப்போ வேற இடத்துல குடியிருந்ததுக்கு வாடகை ஒப்பந்தம் மாதிரி ஆதாரம் எடுத்து வைங்க. ஒரு தொகையை டெபாசிட் பண்ணச் சொல்லி கோர்ட் நிபந்தனை போடலாம், அதுக்கும் தயாரா இருங்க.

காரணம் 2: தீர்ப்புக்கு அப்புறம் வெளியில கட்டுற பணம் கோர்ட்ல பதிவாகணும். பதிவாகாத பணத்தை, தீர்ப்பை நிறைவேற்றுற கோர்ட் கணக்குல எடுத்துக்காது (ஆர்டர் 21, ரூல் 2). ஏஜென்ட் அனுப்புற வாட்ஸ்அப் ரசீதை மட்டும் நம்பினா, கட்டின காசையே மறுபடி கட்ட வேண்டி வரலாம்.

காரணம் 3: பயத்துக்கு ஒரு எல்லை இருக்கு. சம்பளம் முழுசையும் எடுக்க முடியாது. முதல் 1,000 ரூபாயையும் மீதியில மூணுல ரெண்டு பங்கையும் தொடக்கூடாது. 40,000 ரூபாய்னு வச்சுக்கிட்டா, அதிகபட்சம் மாசம் 13,000. ஒரே தீர்ப்புக்கு மொத்தம் 24 மாசம்தான் சம்பளத்துல பிடிக்கலாம். பி.எஃப். பணத்துக்கும் பாதுகாப்பு உண்டு. ஆனா வீடு, பைக் மாதிரி மத்த சொத்து மேல போக வழி இருக்கு, அதனால அசால்ட்டா விட்டுடாதீங்க.

வாங்கின காசைத் திருப்பிக் கட்டணும்ங்கிறதுல எனக்கு மாற்றுக் கருத்தே இல்ல. தீர்ப்பு ரத்தானாலும் கடன் ரத்தாகாது, வழக்கு திரும்ப நடக்கும், அவ்வளவுதான். ஆனா அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, அந்தக் கடன் உங்களுதுதானான்னு கேக்குற உரிமை அப்பதான் கிடைக்கும். செட்டில்மென்ட் பேசுறதா இருந்தாலும் எழுத்துல வாங்கி, கோர்ட்ல பதிவு பண்ணுங்க.

வக்கீல் ஃபீஸுக்கு வழியில்லையா? மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்க. பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காம இலவச சட்ட உதவி உண்டு.

பழைய பாக்கி இருக்கிறவங்க இந்த வாரம் ஒரு வேலை பண்ணுங்க: இ-கோர்ட்ஸ் வெப்சைட்ல மாவட்டம், வருஷம், உங்க பேர் போட்டுத் தேடிப் பாருங்க. அப்படியே பேங்க்ல புது அட்ரஸையும் எழுதிக் கொடுத்துடுங்க.