குருதி கொடுத்தோம், தோழமை கொடுத்தோமா?

கலேவெல பேருந்து நிலையத்தில் குருநாகல் பேருந்துக்காகக் காத்திருந்த பதினாறு வயதுச் சிறுவன் ஒருவனோடு உரையாட நேர்ந்தது. தலசீமியா நோயாளி. நான்கு வாரங்களுக்கு ஒருமுறை குருதி ஏற்றிக்கொள்ளப் போகிறவன். இதே நோயுடன் வாழும் பெரியவர்களைக் கண்டதுண்டா என்று கேட்டேன்.

"வார்ட்டில கண்டிருக்கேன் சேர். கதைச்சதில்ல. சாமான் வாங்கச் சிங்களம் தெரியும். இந்த விஷயங்களைச் சிங்களத்தில கேக்கத் தெரியாது."

இரத்ததான முகாம்களைப் பற்றி எத்தனையோ செய்திகள் எழுதியவன் நான். அதற்கு முன் எந்த நோயாளியிடமும் இக்கேள்வியை நான் கேட்டதில்லை என்பது எனக்கே வெட்கம்.

நோயின் இயல்பை வாசகர்கள் அறிய வேண்டும். ஏற்றப்படும் குருதியோடு இரும்பும் உடலில் சேர்கிறது. அம்மிகுதியைத் தானாக வெளியேற்றும் வழி உடலுக்கு இல்லை. அது இருதயத்திலும் ஈரலிலும் படிகிறது. அதை அகற்ற, டெஸ்பெரொக்சமின் மருந்தைச் சிறு பம்பி மூலம் தோலின் கீழ் இரவில் 8 முதல் 12 மணிநேரம், வாரத்தில் ஐந்து இரவுகளேனும் செலுத்த வேண்டும். 2005க்குப் பின் டெபெரசிரொக்ஸ் என்னும் வாய்வழி மருந்தும் பரவலாயிற்று. எதுவாயினும் நாள் தவறக் கூடாது. நண்பர்களைப் போல் இருக்கத் துடிக்கும் பதின்ம வயதில்தான் பலர் மருந்தைக் கைவிடுகின்றனர். அதற்கான விலையை இருதயம் கொடுக்கிறது.

இலங்கையின் தலசீமியா நிலை குறித்த ஆய்வொன்று 2000ஆம் ஆண்டில் லான்செட் சஞ்சிகையில் வெளிவந்தது. எக்காலத்திலும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகள் சிகிச்சையில் இருப்பர், அதற்குச் சுகாதாரச் செலவில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பங்கு தேவைப்படும் என்று அது கணித்தது. இத்தனை செலவையும் ஓர் இளைஞன் தன் அறையில், தனிமையில், ஊசியைத் தூக்கி எறிந்து வீணாக்கிவிட முடியும். அவ்வேளை அவனுக்குத் தேவை உபதேசமன்று. "நானும் எறிந்தேன் தம்பி, பிறகு ஏன் எடுத்தேன் என்று சொல்கிறேன்" என்று கூற ஒரு முப்பது வயது நோயாளி தேவை.

அதற்குரிய கருவி அச்சிறுவனின் சட்டைப் பையிலேயே இருந்தது. ஆனால் நாம் அதை எதற்குப் பயன்படுத்துகிறோம்? நோயுற்ற பிள்ளைகளின் படங்களை முகநூலில் போட்டுக் கண்ணீரும் காசும் திரட்டுகிறோம். பிள்ளையை ஊருக்குக் காட்டுகிறோம். இன்னொரு நோயாளியோடு சேர்த்துவைக்க மறந்துவிடுகிறோம். இணைய வசதி பரவத் தொடங்கிய 1990களிலேயே அமெரிக்க வைத்தியசாலைகளின் சிறுவர்களை ஸ்டார்பிரைட் வேர்ல்ட் என்ற வலையமைப்பு ஒருவரோடொருவர் பேசவைத்தது. அன்று அதற்குக் கணினி வேண்டியிருந்தது. இன்று ஒரு கைத்தொலைபேசி போதும்.

தவறான மருத்துவ ஆலோசனை பரவும், தீயவர்கள் நுழைவர், ஒருவரின் மரணம் மற்றவரை உடைத்துவிடும் என்று ஆட்சேபிப்போர் உண்டு. மூன்றும் நியாயமான அச்சங்களே. ஆனால் அவை திட்டத்தை ஒழுங்காக நடத்துவதற்கான காரணங்கள். கைவிடுவதற்கான காரணங்கள் அல்ல. வழிகாட்டிகளைத் தெரிந்தெடுத்துப் பயிற்றுங்கள். மருந்தின் அளவு பற்றிப் பேசத் தடை விதியுங்கள். பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்குப் பெற்றோர் சம்மதத்தையும் தாதியரின் மேற்பார்வையையும் கட்டாயமாக்குங்கள். மரணம் நேர்ந்தால் துணைநிற்க உளவளத்துணையாளரை நியமியுங்கள். கண்காணிப்பற்ற குழுக்களில் இளைஞர்கள் தாமாகவே விடை தேடுவதைவிட இது ஆபத்தானதா?

ஒன்றை வலியுறுத்துகிறேன். இது தமிழிலும் நடைபெற வேண்டும். கலேவெலையைச் சூழ்ந்த முஸ்லிம் கிராமங்களின் பிள்ளைகள் வீட்டில் அழுவது தமிழில்தான். தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் சொன்னது. அது பெயர்ப்பலகைக்கு மட்டும் உரியதன்று. இலண்டனிலோ சென்னையிலோ இந்நோயுடன் தொழில் செய்து குடும்பம் நடத்தும் தமிழர் இதை வாசித்தால், உங்களிடம் நான் கேட்பது பணமன்று. வாரத்தில் ஒரு மணிநேரம்.

குருநாகல் பேருந்து வந்ததும் சிறுவன் எழுந்தான். "கலியாணம் செஞ்சவங்களும் இருக்காங்களா சேர்?" என்று கேட்டான். இருக்கிறார்கள் என்றேன். அதைச் சொல்லவேண்டியவன் நானல்லன்.