இரவல் அணிகள்

செங்கல்பட்டில் அண்மையில் நடந்த ஓர் இலக்கியக் கூட்டத்தில், முதலாம் நரசிம்மவர்ம பல்லவனும் இலங்கை இளவரசன் மானவர்மனும் கொண்டிருந்த உறவை நட்பின் இலக்கணம் என்றார் ஒரு பேச்சாளர். கைதட்டல் ஓயச் சிறிது நேரமாயிற்று. ‘சிவகாமியின் சபதம்’ படித்து வளர்ந்தவர்களுக்கு இது இனிக்கும் செய்திதான். எனக்கும் இனித்த காலம் உண்டு. இன்று மறுக்காமல் இருக்க முடியவில்லை.

நட்பு பொய் என்பதல்ல என் வாதம். சூளவம்சம் என்னும் பாலி நூல் அதை உருக்கமாகவே சொல்கிறது. நரசிம்மன் பருகி மிஞ்சிய இளநீரை மானவர்மன் தயங்காமல் பருகினான். அவன் வைத்த மிச்சத்தை நரசிம்மனும் பருகினான். வல்லபன் படையெடுத்து வந்தபோது, அரசு வேண்டி வந்தவன் களத்தில் மடியக் கூடாதென்று அவனை ஊரிலேயே விட்டுப் போனான் பல்லவன். அவனோ பின்தொடர்ந்து சென்று உடன் நின்று பொருதான். இந்த வல்லபனை இரண்டாம் புலிகேசி என்பர் வரலாற்றாசிரியர். கூரம் செப்பேடு சொல்லும் போர்க்களங்களுள் ஒன்றான மணிமங்கலம் நம் செங்கல்பட்டுச் சீமையைச் சேர்ந்ததே.

ஆனால் அதே நூல் மேலும் இரண்டு செய்திகளைச் சொல்கிறது. மேடைகளில் அவை ஒலிப்பதில்லை. பல்லவப் படையோடு மானவர்மன் முதன்முறை இலங்கை சென்று வெற்றியும் கண்டான். நரசிம்மன் நோயுற்றான் என்ற செய்தி எட்டியதும் படை திரும்பிவிட்டது. வென்றவன் மீண்டும் அகதியானான். இரண்டாம் முறை கடற்கரை வரை வந்த வீரர்கள், மன்னன் இல்லாமல் கப்பலேற மனமின்றி நின்றனர். நரசிம்மன் தன் அணிகலன்களை மானவர்மனுக்குப் பூட்டிக் கப்பலேற்றி, முரசறையச் செய்தான். மன்னனே செல்கிறான் என்று நம்பி வீரர்கள் ஏறினர். மாமல்லபுரத் துறையிலிருந்தே அக்கப்பல்கள் புறப்பட்டன என்பது பலர் கருத்து.

தன் நாட்டை மீட்கச் செல்பவன் இன்னொருவனாக வேடமிட்டால்தான் படை நகரும். இதைச் சமநிலை நட்பு என்பது எப்படி? அன்பு இருவருக்கும் பொதுவாக இருந்தது. முடிவெடுக்கும் ஆற்றல் ஒருவனிடமே இருந்தது. ஒருவனுக்கு வந்த நோய் மற்றவன் அரசைக் கவிழ்த்தது.

‘மானவர்மன் 35 ஆண்டுகள் ஆண்டானே, அவன் மரபும் நிலைத்ததே’ எனலாம். உண்மை. அது நரசிம்மனின் பெருந்தன்மைக்குச் சான்று, அந்த ஏற்பாட்டின் நேர்மைக்கன்று. பல்லவரின் கணக்கையும் பாருங்கள். காசக்குடிச் செப்பேடு நரசிம்மன் இலங்கையை வென்று இராமன் புகழையும் விஞ்சியதாகப் பாடுகிறது. நண்பனின் பெயர் அதில் இல்லை. பெற்றவன் நாட்டு நூலில் நட்பாக இருப்பது கொடுத்தவன் ஏட்டில் வெற்றியாகிவிட்டது.

பெருந்தன்மை இல்லாத துணைவன் வாய்த்தால் என்னவாகும் என்பதற்கும் செங்கல்பட்டே சான்று. ஆர்க்காட்டு நவாப் முகமது அலியும் கிழக்கிந்தியக் கம்பெனியும் ஓரணியில் நின்று போரிட்டனர். 1752இல் கிளைவ் செங்கல்பட்டுக் கோட்டையைப் பிடித்தது அந்த நட்பின் பெயரால்தான். போர்ச்செலவு நவாப் தலையில் ஏறியது. 1763இல் இந்தச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராக எழுதிக்கொடுத்து, பின்னர் அதையே அவர்களிடமிருந்து குத்தகைக்கு எடுத்தார். 1780இல் ஹைதர் அலியின் படையெடுப்பில் சீமை பாழானது. கடனோடு 1795இல் நவாப் மறைந்தார். 1801இல் கர்நாடக அரசே கம்பெனி வசமாயிற்று.

இது பழங்காலத்தோடு முடிந்த கதையுமன்று. சர்ச்சில், ரூஸ்வெல்ட் நட்பைப் போற்றாதவர் குறைவு. 1940இல் அமெரிக்கா கொடுத்த 50 பழைய போர்க்கப்பல்களுக்கு ஈடாகப் பிரிட்டன் தளங்களை 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. 1946இல் வாங்கிய கடனின் கடைசித் தவணையை 2006 டிசம்பரில்தான் கட்டி முடித்தது.

1987இல் நம் படையும் அமைதிப்படை என்ற பெயரில் அதே இலங்கைக்குச் சென்று, 1990 மார்ச்சில் திரும்பியது. அங்குள்ள தமிழரும் சிங்களரும் அதை எப்படி நினைவுகூர்கின்றனர் என்பதை நம் செப்பேடுகளில் மட்டும் தேடினால் கிடைக்காது. கொடுத்தவன் பக்கம் நின்றே கைதட்டப் பழகிய நமக்கு, பெற்றவன் பட்ட கூச்சம் கேட்பதில்லை. மானவர்மனின் கதையைச் சொல்லுங்கள், வேண்டாம் என்பதற்கில்லை. இளநீரைச் சொல்லும் வாய் அந்த இரவல் அணிகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பதே என் கோரிக்கை.