படகு ஏறுமுன் ஒரு கிரிவலம்



பழைய மாணவர் குழுவில் ஒரு வாரமாக ஆலப்புழை படகு வீட்டுப் பேச்சுதான் ஓடுகிறது. நான்கு அறை உள்ள படகு, எட்டுப் பேர் வேண்டும், ஆறு பேர் உறுதி, இன்னும் இரண்டு பேர் சேர்ந்தால் தலைக்கு ஆகும் செலவு குறையும் என்கிறீர்கள். "யாராவது ரெண்டு பேர் வாங்கப்பா" என்று நேற்றும் ஒரு செய்தி. நடுவில் "டீச்சர், நீங்க என்ன சொல்றீங்க?" என்று என்னையும் இழுத்துவிட்டீர்கள். குடும்பத்தோடு சுற்றுலா கிளம்பும் சொந்தக்காரர்களுக்கும் உதவும் என்பதால் இங்கேயே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். மணி அடித்த பிறகும் என் பாடம் நீளும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே.

என் கருத்து இதுதான்: செலவைக் குறைப்பதற்காக ஆள் சேர்க்காதீர்கள். யார் யார் ஒத்துப்போவீர்கள் என்று முதலில் பாருங்கள். அந்த ஆட்களுக்கு ஏற்ற பயணத்தைப் பிறகு தேடுங்கள்.

"ஒண்ணாப் படிச்சவங்க, இதுல என்ன பார்க்கிறது?" என்று கேட்பீர்கள். ஒன்றாகப் படித்தது பத்து வயதில். இப்போது ஒவ்வொருவருக்கும் ஒரு தூக்கம், ஒரு மாத்திரை, ஒரு கடன், ஒரு கோபம் இருக்கிறது. வள்ளுவர் நட்பைப் பாடியதோடு நிற்கவில்லை. 79ஆம் அதிகாரம் நட்பு என்றால் அடுத்த 80ஆம் அதிகாரமே நட்பாராய்தல். 81ஆவதாகத்தான் பழைமை வருகிறது. ஆராய்ந்து பார்ப்பது அன்பில்லாத செயல் என்று அவர் நினைக்கவில்லை.

படகு வீட்டில் இது ஏன் முக்கியம்? வேனில் போனால் டீக்கடையில் இறங்கி நாலு அடி நடந்து கோபத்தை ஆற்றிக்கொள்ளலாம். படகில் அந்த வசதி குறைவு. பகல் 12 மணி வாக்கில் ஏறினால் மறுநாள் காலை 9 மணி வாக்கில் இறங்குவது வழக்கம். மாலை 5:30 மணிக்கெல்லாம் படகைக் கரையில் கட்டிவிடுவார்கள், இரவில் மீனவர்கள் வலை போட வேண்டும் என்பதால். அதன் பிறகு விடியும்வரை அதே கூடம், அதே சாப்பாட்டு மேசை, அதே ஏழு முகம். ஒருவர் பாட்டுப் பெட்டியைச் சத்தமாக வைத்தால் எட்டுப் பேரும் கேட்டாக வேண்டும்.

நம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரின் கதையைச் சொல்கிறேன். கடற்படை அதிகாரி ரூபா, புதுச்சேரியைச் சேர்ந்தவர். கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவும் அவரும் 'தாரிணி' என்ற 56 அடிப் பாய்மரப் படகில் 2024 அக்டோபர் 2ஆம் தேதி கோவாவிலிருந்து கிளம்பி உலகைச் சுற்றி, 2025 மே 29ஆம் தேதி திரும்பி வந்தார்கள். எட்டு மாதம், இரண்டே பேர். ஒருவர் தூங்கும்போது மற்றவர் விழித்திருக்க வேண்டும். தூங்குகிறவர் தன் உயிரையே விழித்திருப்பவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் கண்ணை மூட முடியும்.

கடற்படை அவர்களை எடுத்த எடுப்பில் உலகம் சுற்ற அனுப்பவில்லை. முதலில் ஆறு பேர் குழுவில் கோவாவிலிருந்து ரியோ டி ஜெனிரோ வரை போய்வந்தார்கள். பிறகு இருவர் மட்டும் போர்ட் பிளேர் வரை போய்வந்தார்கள். மொரீஷியஸுக்கும் இருவராகவே போனார்கள். மூன்று ஆண்டுப் பயிற்சி. இருவருமே திறமைசாலிகள் என்று தெரிந்தும், சேர்ந்து இருக்க முடியுமா என்பதைக் கடலில்தான் சோதித்துப் பார்த்தார்கள்.

என் வகுப்பறை அனுபவமும் இதையேதான் சொல்கிறது. செஞ்சிக் கோட்டைக்கும் சாத்தனூர் அணைக்கும் எத்தனை முறை பிள்ளைகளை அழைத்துப் போயிருப்பேன்! உயிர்த் தோழிகள் இருவரைப் பக்கத்தில் உட்கார வைத்தால், ஜன்னல் ஓரத்துக்குச் சண்டை போட்டு, திரும்பும்போது பேச்சே இருக்காது. அதிகம் பழகாத இரண்டு பிள்ளைகள், "போகும்போது நீ, வரும்போது நான்" என்று பேசிக்கொண்டு நிம்மதியாக வந்து சேரும். ஒத்துப்போவது என்றால் ஒரே ரசனை என்று அர்த்தமில்லை. வேண்டியதை வாய்விட்டுக் கேட்பதும், 'இல்லை' என்று சொன்னால் முகம் சுளிக்காமல் இருப்பதும்தான் ஒத்துப்போவது.

இனி, பலரும் பேசத் தயங்கும் பணத்துக்கு வருகிறேன்.

உங்கள் குழுவில் சிங்கப்பூரில் வேலை பார்ப்பவரும் இருக்கிறார், ஆட்டோ ஓட்டுபவரும் இருக்கிறார், பூக்கடை வைத்திருப்பவரும் இருக்கிறார். தொகையைச் சொன்னதும் எல்லோரும் கட்டைவிரல் போட்டுவிட்டீர்கள். அந்தக் கட்டைவிரலில் ஒன்றாவது, வீட்டு நகையை அடகு வைத்துப் போகும் கட்டைவிரலாக இருக்கலாம். பல படகுகளில் ஏசி இரவில் மட்டும்தான் ஓடும். "பகலிலும் போடச் சொல்லு, கூடக் கொடுத்துடலாம்" என்று ஒருவர் சாதாரணமாகச் சொல்வார். இன்னொருவருக்கு அது இரண்டு நாள் வருமானம். அவர் மறுத்துப் பேசமாட்டார். ஊருக்கு வந்த பிறகு குழுவை விட்டு மெல்ல விலகிவிடுவார். ஏன் விலகினார் என்று உங்களில் யாருக்கும் தெரியாது. இதைத்தான் நான் பயப்படுகிறேன்.

ஆகவே, ஒவ்வொருவரிடமும் ஒருவர் மட்டும் தனியாகப் பேசி, 'எவ்வளவு முடியும்?' என்று கேளுங்கள். எது குறைந்த தொகையோ அதற்குள் திட்டம் போடுங்கள். கேரள அரசின் நீர்ப்போக்குவரத்துத் துறை ஆலப்புழையிலிருந்து கோட்டயத்துக்குப் பயணிகள் படகு விடுகிறது. டிக்கெட் மிகக் குறைவு, தண்ணீரும் தென்னையும் அதே அழகுதான். இரவில் சாதாரண விடுதியில் தங்கினால் போயிற்று. வசதி உள்ளவர் கூடுதலாகக் கொடுக்க நினைத்தால் மொத்த வாடகையில் சத்தமில்லாமல் சேர்த்துவிடட்டும். 'இவனுக்காக நான் கட்டினேன்' என்ற பேச்சு எந்நாளும் வரக்கூடாது.

பணம் போக, முன்பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை சில: இரவு எத்தனை மணிக்கு விளக்கணைப்பது? சைவம் சாப்பிடுகிறவருக்குத் தனிப் பாத்திரம் வேண்டுமா? குறட்டை விடுகிறவர் யாருடன் படுப்பது? யாராவது பாட்டில் கொண்டுவருகிறார்களா? கடைசிக் கேள்விக்குச் சிரிக்காதீர்கள். சுற்றிலும் தண்ணீர். பிள்ளைகளையும் அழைத்துப் போகிறவர்கள் இதை வெளிப்படையாகவே கேட்க வேண்டும். 'இன்னும் ரெண்டு பேர்தானே, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்' என்பதையும் விட்டுவிடுங்கள். 2023 மே 7ஆம் தேதி மலப்புறம் மாவட்டம் தானூரில், அளவுக்கு மேல் ஆள் ஏற்றிய சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதில் குழந்தைகளும் உண்டு.

ஒருவர் ஒத்துவரமாட்டார் என்று தெரிந்தால் என்ன செய்வது? குழுவில் போடாதீர்கள், மறைமுகமாகக் குத்திக் காட்டாதீர்கள். அவருக்கு நெருக்கமான ஒருவர் போன் செய்து, "இந்தப் பயணம் உனக்குச் சரிவராதுப்பா, சாத்தனூர் போகும்போது சேர்ந்து போகலாம்" என்று நேராகச் சொல்லட்டும். அன்று கொஞ்சம் வலிக்கும். பொய்க் காரணம் சொல்லி, படங்களைப் பார்த்து அவர் தெரிந்துகொண்டால் அந்த வலி ஆறாது. அல்லது ஒரு பெரிய படகுக்குப் பதில் இரண்டு சிறிய படகு எடுங்கள். சீக்கிரம் தூங்குகிறவர்கள் ஒன்றில், அரட்டைக்காரர்கள் இன்னொன்றில்.

முடிவாக ஒரு யோசனை. நம் ஊரில் இருந்துகொண்டு பரீட்சைக்கு வேறெங்கும் போக வேண்டாம். முன்பணம் கட்டுமுன், பௌர்ணமிக் கூட்டம் இல்லாத ஒரு நாளில், வருகிற எல்லோரும் சேர்ந்து கிரிவலம் போய்விட்டு வாருங்கள். 14 கிலோமீட்டர், வெறுங்கால். இந்திரலிங்கத்தில் எல்லோரும் சிரித்துக்கொண்டு இருப்பீர்கள். நிருதிலிங்கம் தாண்டும்போது யார் வேகமாக முன்னே போய்விடுகிறார், யார் கால் வலிக்காரருக்காக நிற்கிறார், யார் டீக்காசை மூன்றாவது முறையும் அடுத்தவர் தலையில் கட்டுகிறார் என்று தெரிந்துவிடும். ஈசான்யலிங்கம் வந்த பிறகும் பேசிக்கொண்டிருப்பவர்கள் தாராளமாக ஒரே படகில் ஏறலாம். கிரிவலம் போகும் வழக்கமில்லாத பிள்ளைகளும் குழுவில் உண்டு. அவர்களையும் சேர்த்து, தென்பெண்ணைக் கரையில் ஒரு நாள் முழுக்க இருந்துவிட்டு வாருங்கள். அதுவும் அதே பரீட்சைதான்.

என்னையும் அழைத்தீர்கள், சந்தோஷம். நான் ஒன்பது மணிக்குத் தூங்கிவிடுவேன், நாலரைக்கு எழுந்து காப்பி கேட்பேன், அறையில் ஃபேன் சத்தம் ஆகாது. இதையெல்லாம் படித்த பிறகும் கூப்பிடுவதாக இருந்தால் கூப்பிடுங்கள். வேண்டாம் என்றாலும் ஒன்றும் நினைக்கமாட்டேன், படங்களை மட்டும் அனுப்பிவையுங்கள்.

உங்கள் டீச்சர்
திருவண்ணாமலை