பழைய செட்டை எறிய முதல்

ஹோலில் பதினைந்து இருபது வருசமாகக் கிடக்கிற செட் ஒருநாள் கரகரக்கத் தொடங்கும். ஒரு பக்கத்துப் பெட்டி பாடாது. சீடி போட்டால் "நோ டிஸ்க்" என்று காட்டும். உடனே வீட்டில் தீர்ப்பு வந்துவிடும்: "உது முடிஞ்சுது, புதுசு ஒண்டு எடுப்பம்." அடுத்த கிழமை ஒரு சவுண்ட் பாரோ, கலர் கலராக லைற் மின்னுகிற புளூரூத் பெட்டியோ தவணைக்கு வந்து இறங்கும். பழையது பின்விறாந்தைக்குப் போகும். பிறகு பழைய இரும்பு எடுக்க வாறவரோடு போய்விடும்.

அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் பிழை. கையில் கொஞ்சக் காசு மட்டும் உள்ள ஒருவர் செய்யக்கூடிய மோசமான செலவு எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்லுவன்: திருத்தினால் பாடக்கூடிய அம்பிளிபயரையும் மரப்பெட்டி ஸ்பீக்கரையும் எறிந்துவிட்டு, அந்த இடத்துக்குப் புதுப் பிளாஸ்ரிக் வாங்குவது. முதலில் துடைக்கவேணும், பிறகு திருத்தவேணும், பிறகு ஒன்றிரண்டு சாமான் கூட்டவேணும். வாங்குவது கடைசி வேலை. கடை எங்களுக்குக் கடைசி வேலையை முதல் வேலையாகச் சொல்லித் தருகிறது. அதில்தான் அவர்களுக்கு லாபம்.

"பழசு எண்டால் பழசுதானே, தொழில்நுட்பம் எவ்வளவு மாறிட்டுது?" என்று கேட்பீர்கள். மாறினது என்ன, மாறாதது என்ன என்று பிரித்துப் பாருங்கோ. பாட்டு வருகிற வழி மாறிவிட்டது. கசெட் போய் சீடி வந்தது, சீடி போய் போன் வந்தது. ஆனால் ஸ்பீக்கர் செய்கிற வேலை மாறவில்லை. அது காற்றை அசைக்கிற வேலை. தாழ்ந்த சுருதியை, தவிலின் தொப்பிப் பக்கத்தை, பேஸ் கிற்றாரைக் கேட்கவேணும் என்றால் கனக்கக் காற்றை அசைக்கவேணும். அதற்கு அகலமான கோன் வேணும், பெட்டிக்குள் இடம் வேணும். ஆறு அங்குலக் கோன் உள்ள மரப்பெட்டி முப்பது வருசத்துக்கு முதல் அசைத்த காற்றை, இரண்டு அங்குலக் கோன் உள்ள மெல்லிய பார் இன்றைக்கும் அசைக்காது. அந்தக் குறையை மறைக்கத்தான் தனியாக ஒரு பேஸ் பெட்டி தருகிறார்கள். அதில் பல "டும் டும்" என்று ஒரே சத்தத்தைத்தான் போடும். தவிலும் டிரம்ஸும் பஸ் எஞ்சினும் ஒரே மாதிரிக் கேட்கும். சவுண்ட் பார் எல்லாம் கூடாது என்று நான் சொல்லவில்லை. ரீவியில் கதைக்கிறது விளங்கவேணும் என்றால் அது உதவும். பாட்டுக் கேட்க, இருக்கிற செட்டை விற்று அதை வாங்கவேணுமோ என்பதுதான் கேள்வி.

அடுத்தது வாற்ஸ் கதை. பெட்டியின் மேல் "2000 வாற்ஸ் பி.எம்.பி.ஓ" என்று பெரிசாக அடித்திருக்கும். பி.எம்.பி.ஓ என்பதற்கு எல்லாரும் ஒத்துக்கொண்ட அளவுமுறை எதுவும் கிடையாது. விற்கிறவர் தனக்கு விருப்பமான இலக்கத்தைப் போடலாம். பொய்யைப் பிடிக்க ஒரு சின்ன வேலை செய்யுங்கோ. பெட்டியைத் திருப்பி, பின்னால் ஒட்டியிருக்கிற லேபலில் எத்தனை வாற்ஸ் மின் எடுக்கும் என்று போட்டிருக்கிறது என்று பாருங்கோ. 60 வாற்ஸ் எடுக்கிற பெட்டி 2000 வாற்ஸ் சத்தத்தைத் தொடர்ந்து தரும் என்றால், நாங்கள் இலங்கை மின்சார சபையை மூடிவிட்டு அந்தப் பெட்டியில் இருந்தே ஊருக்குக் கரண்ட் எடுக்கலாம். கேட்கவேண்டிய இலக்கம் ஆர்.எம்.எஸ். அதைச் சொல்லத் தெரியாத கடையில் காசை வெளியில் எடுக்காதைங்கோ.

உண்மையான வாற்ஸிலும் நாங்கள் நினைக்கிற அளவுக்கு விசயம் இல்லை. ஏ.எல்லில் பௌதிகவியல் படித்தவர்களுக்கு இந்தக் கணக்குத் தெரியும், ஆனால் கடைக்குப் போனால் மறந்துவிடுவார்கள். வலுவை இரண்டு மடங்காக்கினால் சத்தம் 3 டெசிபெல்தான் கூடும். "கொஞ்சம் கூடியிருக்கு" என்று சொல்லலாம், அவ்வளவுதான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்க 10 டெசிபெல் அளவில் வேணும், அதாவது பத்து மடங்கு வலு. 50 வாற்ஸிலிருந்து 100 வாற்ஸுக்குப் போக ஆயிரக்கணக்கில் கொடுக்கிற காசு அந்த 3 டெசிபெலுக்குத்தான். ஒரு சாதாரண ஹோலில் அயலட்டை கத்தாத அளவுக்குப் பாட்டுக் கேட்கையில் செட் பெரும்பாலான நேரம் ஒன்றிரண்டு வாற்ஸில்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

சரி, பழைய செட்டை என்ன செய்வது? காசு செலவில்லாத வேலையில் இருந்து தொடங்குவோம்.

இரண்டு பெட்டிக்கும் போகிற வயரைப் பாருங்கோ. ஒரு பெட்டிக்குச் சிவப்பும் கறுப்பும் மாறிக் கொழுவியிருந்தால் ஒரு கோன் முன்னுக்கு வரும்போது மற்றது பின்னுக்குப் போகும். ஒன்றின் பேஸை மற்றது தின்றுவிடும். "செட் கிழடாகிட்டுது, பேஸ் இல்லை" என்று அழுகிற வீடுகளில் இதையும் ஒருக்கால் பார்க்கவேணும். பிறகு பெட்டிகளை மூலையில் இருந்து எடுத்துச் சுவரில் இருந்து ஒரு சாண், இரண்டு சாண் தள்ளி வையுங்கோ. அலுமாரிக்கு மேல் ஏற்றி வைக்காமல், சின்னக் கோன் நீங்கள் இருக்கும்போது காது இருக்கிற உயரத்துக்கு வரட்டும். இரண்டு பெட்டியும் நீங்களும் ஒரு சமபக்க முக்கோணம் மாதிரி இருந்தால் பாடகர் நடுவில் நிற்பார். எங்கட ஹோல்கள் சீமெந்துச் சுவரும் ரைல்ஸ் நிலமும். சத்தம் பட்டுப் பட்டுத் திரும்பும். ஒரு பாயும் தடித்த திரைச்சீலையும் செய்கிற வேலையைப் புது அம்பிளிபயர் செய்யாது.

அடுத்தது திருத்த வேலை. சத்தம் கூட்டுகிற குமிழைத் திருப்பும்போது கரகரத்தால் உள்ளே தூசியும் பாசியும். அதற்கென்று உள்ள கிளீனர் ஸ்பிரே அடித்து, குமிழைப் பத்துப் பதினைந்து தரம் அங்கால இங்கால திருப்பினால் பெரும்பாலும் போய்விடும். பெட்டியின் முன்வலையைக் கழற்றிப் பாருங்கோ. கோனைச் சுற்றி ஸ்பொஞ்ச் வளையம் இருந்தால், அது எங்கட வெக்கைக்கும் ஈரத்துக்கும் பதினைந்து இருபது வருசத்தில் பிய்ந்து உதிரும். ஸ்பீக்கர் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. வளையத்தை மட்டும் மாற்றி ஒட்டலாம். பாட்டு நிற்கும்போதும் "ம்ம்ம்" என்று ஒரே இரைச்சல் வந்தால் சப்ளைப் பகுதியில் கொள்ளளவி வறண்டிருக்கலாம். பாடப்புத்தகத்தில் கொள்ளளவி, திருத்துகிற அண்ணையின் வாயில் கொண்டென்சர், சாமான் ஒன்றுதான். ஆனால் மூடியைக் கழற்றுகிற இந்த வேலைகளை நீங்களே செய்ய வெளிக்கிடாதைங்கோ. பிளக்கைக் கழற்றின பிறகும் அந்தக் கொள்ளளவிகளில் மின் நிற்கும். தெரிந்த ஆளிடம் கொடுங்கோ. பழைய ஜப்பான் செட்டுகள் கனக்கவற்றில் எஸ்.ரி.கே என்று தொடங்குகிற ஐ.சி இருக்கும். அது எரிந்திருந்தால் கவனம், சந்தையில் போலி ஐ.சி தாராளம். போட்டுப் பார்த்து, ஒரு மணித்தியாலம் பாடவிட்டு, பிறகு காசைக் கொடுங்கோ.

சீடி வாசிக்காவிட்டால்? விடுங்கோ. சீடிப் பகுதி செத்தால் அம்பிளிபயர் சாகாது. செட்டின் பின்பக்கத்தில் "ஓக்ஸ்" என்றோ "ரேப் இன்" என்றோ எழுதி, சிவப்பு வெள்ளை ஓட்டைகள் இரண்டு இருக்கும். ஒரு வயர் வாங்கிப் போனைக் கொழுவலாம். போனில் ஓட்டை இல்லாவிட்டால் ஒரு சின்னப் புளூரூத் ரிசீவர். "போனோ" என்று எழுதின ஓட்டையில் மட்டும் கொழுவாதைங்கோ. அது இசைத்தட்டுக்கானது, போனின் சத்தத்தைப் பல மடங்கு பெருக்கிச் சிதைத்துவிடும். கசெட் மட்டும் உள்ள செட் என்றால் கசெட் வடிவத்திலேயே அடாப்டர் வருகிறது. இவ்வளவும் செய்தால், உங்கட அம்மா கல்யாண வீட்டுக் கசெட் கேட்ட பெட்டியில் நேற்று வந்த பாட்டையும் நீங்கள் கேட்கலாம்.

அம்பிளிபயர் உண்மையிலேயே போய்விட்டால் அப்போதுகூடப் பெட்டிகளை எறியவேண்டாம். ரி.பி.ஏ 3116 என்கிற சிப் வைத்த உள்ளங்கையளவு அம்பிளிபயர்கள் இருக்கின்றன. 24 வோல்ற் சப்ளை ஒன்றைக் கொடுத்தால் ஒரு ஹோலுக்குத் தாராளம். வாங்கமுதல் உங்கட ஸ்பீக்கர் 4 ஓமா 8 ஓமா என்று பின்னால் பாருங்கோ.

25,000 ரூபா இருக்கிறது என்று வைப்போம். வயருக்கும் கிளீனருக்கும் ரிசீவருக்கும் ஒரு பங்கு, திருத்துகிற ஆளின் கூலிக்கு ஒரு பங்கு. மிச்சத்தைத் தொடாதைங்கோ. ஒரு மாசம் இருந்து கேளுங்கோ. என்ன குறைகிறது என்று காது சொல்லும். அதுக்குப் பிறகும் குறை இருந்தால் மிச்சக் காசில் நல்ல பழைய மரப்பெட்டி ஸ்பீக்கர் ஒரு சோடி தேடுங்கோ. ஏனென்றால் சத்தத்தில் பெரிய வித்தியாசம் காட்டுவது ஸ்பீக்கர்தான். தடித்த செப்பு வயருக்கு மேல், "ஒலி திறக்கும்" என்று சொல்லி ஆயிரக்கணக்கில் விற்கிற கேபிளுக்கு ஒரு சதமும் கொடுக்காதைங்கோ. "லட்சத்துக்குக் கீழ கேட்கிறதெல்லாம் சத்தம், இசை இல்லை" என்று கதைக்கிற ரசிகமணிகள் இருக்கிறார்கள். அவர்களும் தவணைக் கடைக்காரரும் ஒரே கதையைத்தான் சொல்லுகிறார்கள்: உன்னட்ட இருக்கிறது போதாது.

வெளிநாட்டில் இருந்து வாற சாமானுக்கும் ஒரு வார்த்தை. கனடா மாமா ஆசையாக அனுப்பின அம்பிளிபயரை நேரே பிளக்கில் போட்டால் அது அன்றைக்கே புகையும். அங்கே 120 வோல்ற், இங்கே 230. பின்னால் மாற்றுகிற சுவிட்ச் இருக்கிறதோ என்று பாருங்கோ. இல்லாவிட்டால் ரான்ஸ்போமர் வேணும். அதன் விலையையும் சேர்த்துப் பார்த்தால் "சும்மா வந்த சாமான்" சும்மா வந்ததாக இருக்காது.

எல்லாச் செட்டையும் காப்பாற்று என்று நான் சொல்லவில்லை. ரான்ஸ்போமர் எரிந்து, பெட்டி தண்ணியில் ஊறி, கோனும் கிழிந்தது என்றால் விடத்தான் வேணும். சில மலிவுப் பெட்டிகளில் சின்னக் கோன் என்று தெரிகிறது வெறும் அலங்காரத் தகடு. அதைக் காப்பாற்ற ஒன்றுமில்லை. ஆனால் திறந்து பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கோ.

இதெல்லாம் ஒரு செட்டுக்கு ஏன் இவ்வளவு கதை? போருக்குப் பிறகு வடக்கிலும் கிழக்கிலும் தவணையும் லீசிங்கும் மைக்ரோ பினான்ஸும் வீடுகளுக்குச் செய்த வேலையை நாங்கள் பார்த்தோம். 2022 இல் 200 ரூபாவுக்குக் கிட்ட இருந்த டொலர் 360 ஐத் தொட்டபோது, இறக்குமதிச் சாமானை நம்பின வாழ்க்கை எப்படி இருக்கும் என்றும் பார்த்தோம். அதற்குப் பிறகும், ஓடக்கூடிய சாமானை எறிந்துவிட்டுக் கடனில் புதுசு எடுப்பது வசதி வந்ததன் அடையாளம் என்று நம்புகிறோம். அந்தச் செட் சும்மா வந்ததில்லை. ஏ9 பாதை 2002 இல் திறந்தபிறகு சீட்டுக் காசில் வாங்கினதாக இருக்கும், அல்லது மத்தியகிழக்கில் வேறு யாருடையவோ குசினியில் நின்ற ஒரு பெரியம்மாவின் சம்பளமாக இருக்கும்.

திருத்தத் தெரியாத சனமும் இல்லை நாங்கள். 1990 இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்று, பற்றரியும் தடைப்பட்ட காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட சனம். அந்தக் கஷ்டத்தைப் புகழத் தேவையில்லை, அது திரும்பி வரவும் வேண்டாம். ஆனால் அந்தக் கைப்பழக்கம் வைத்திருந்தவர்களின் திருத்தகங்கள் இப்போது போன் கவர் விற்கிற கடைகளாக மாறிக்கொண்டிருக்கின்றன. நாங்கள் ஆளுக்கொரு செட்டைக் கொண்டுபோய்க் கொடுக்காவிட்டால் அடுத்த தலைமுறைக்கு அந்த வேலை தெரிந்த ஆள் இருக்காது. பிறகு எறிவதைத் தவிர வேறு வழியும் இருக்காது.

இந்தச் சனிக்கிழமை கடைக்குப் போக முதல், பின்விறாந்தையில் கிடக்கிற பெட்டியை எடுத்துத் தூசி தட்டுங்கோ. சிவப்பு சிவப்போடு, கறுப்பு கறுப்போடு. பிளக்கைப் போட்டு என்ன சத்தம் வருகிறது என்று கேளுங்கோ. ஒன்றும் வராவிட்டால் ஊரில் மிச்சமிருக்கிற திருத்துகிற அண்ணை ஒருவரிடம் கொண்டுபோங்கோ. அவர் ஏலாது என்று சொன்ன பிறகு புதுசைப் பற்றிக் கதைப்பம்.