காலக்கெடு வாங்குபவனுக்கு மட்டுமா?

ஜப்பானில் கப்பலேற்றிய சின்னக் கார் ஒன்று அம்பாந்தோட்டைத் துறைமுகத்தில் வந்திறங்கச் சில வாரங்கள் போதும். அதே கார் துறைமுக வாசலைத் தாண்டி வீதிக்கு வர அதைவிட அதிக காலம் பிடிக்கிறதென்றால், கோளாறு கடலில் இல்லை, கந்தோர்களில் இருக்கிறது.

2020 மார்ச்சில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டைக் காட்டி வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 ஏப்ரலில் நாடே வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்தது. ஏறக்குறைய ஐந்து வருடங்கள் உள்ளூரில் இருந்த பழைய வண்டிகளே கைமாறின. ஓடித் தேய்ந்த காரை வாங்கிய விலைக்கு மேல் விற்ற விசித்திரத்தை எல்லோரும் கண்டோம். 2025 பெப்ரவரி 1ஆம் திகதி கதவு திறந்தது. ஆனால் எப்படித் திறந்தது? சுங்கத் தீர்வை, அதன்மேல் மேலதிகக் கட்டணம், எஞ்சின் அளவைப் பார்த்து உற்பத்தி வரி, இவற்றையெல்லாம் கூட்டி அதன்மேல் 18 வீதம் பெறுமதி சேர் வரி. வரிக்கு வரி! ஜப்பானில் காருக்குக் கொடுக்கும் பணத்தைவிட இங்கே கட்டும் வரி கூடிப்போவது பல கார்களுக்குச் சாதாரணமாகிவிட்டது.

பாவித்த ஜப்பான் கார் வாங்குகிறவர்கள் எல்லோரும் பணக்காரரா? வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பவர் வாங்குகிறார். பஸ் வராத ஊரில் இருந்து தினமும் பாடசாலைக்குப் போகும் ஆசிரியை லீசிங் எடுத்து வாங்குகிறார். 1958 ஜனவரி 1ஆம் திகதி பஸ்களை அரசுடைமையாக்கிய நாடு இது. அந்தப் பஸ்கள் ஒழுங்காக ஓடியிருந்தால் இவர்களில் பாதிப் பேர் கடன்பட்டிருக்க மாட்டார்கள். அது வேறு தலையங்கத்துக்குரிய விஷயம்.

விதிகளே வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஜப்பானில் புதிய கார் மூன்றாம் வருடத்தில் முதற் பரிசோதனைக்குப் போக வேண்டும். பிறகு இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை. அந்தச் செலவுக்குப் பயந்தே பலர் நல்ல வண்டியையும் ஏலத்துக்கு விட்டுவிடுகிறார்கள். அங்கிருந்துதான் நமக்குக் கார் வருகிறது. அப்படி வருவதில் ஓடிய தூரத்தைக் குறைத்துக் காட்டியதும் உண்டு, விபத்தில் நொறுங்கிப் பூச்சுப் பூசியதும் உண்டு. ஆகவே கப்பலேற்றுமுன் பரிசோதனைச் சான்றிதழ் கேட்பதும், மூன்று வருடத்துக்கு மேற்பட்ட காரை மறுப்பதும் நியாயமே. உலகத்தின் பழைய இரும்பையெல்லாம் கொட்டும் குப்பைமேடல்ல இந்த நாடு.

நமது சண்டை வேறு. 2025ஆம் ஆண்டு ஒழுங்குவிதிப்படி, இறக்குமதியான வாகனத்தை 90 நாட்களுக்குள் பதிய வேண்டும். பிந்தினால் மாதத்துக்கு 3 வீதம் தண்டம். செலாவணியை விழுங்கி வண்டிகளைப் பதுக்கி விலையேற்றும் வியாபாரிக்கு அந்தக் கடிவாளம் வேண்டியதே. ஆனால் பிந்தியது கந்தோரானால் யாருக்குத் தண்டம்? அதே 2025இல், எந்த நாட்டில் திறந்த நாணயக் கடிதம் செல்லும் என்ற சர்ச்சையில் நூற்றுக்கணக்கான வாகனங்களைச் சுங்கம் தடுத்து வைத்தது. விவகாரம் நீதிமன்றம் வரை போயிற்று. சட்டத்தின் ஒரு வரிக்குச் சுங்கம் ஓர் அர்த்தமும் இறக்குமதியாளர் வேறோர் அர்த்தமும் சொல்ல, முற்பணம் கட்டிய மனிதன் காரின் நிறத்தைக்கூடக் காணாமல் வட்டி கட்டினான். துறைமுகத் தாமதக் கட்டணம் நாளுக்கு நாள் ஏறினால் வியாபாரி அதைக் கடைசியில் யார் தலையில் கட்டுவான்? தன் தலையிலா?

ஒருவழியாக வெளியே வந்த காருக்கு இலக்கத் தகடாவது கிடைத்ததா? அந்த வருடம் அதற்கும் தட்டுப்பாடு. பதிந்த வண்டிகள் மாதக்கணக்கில் தகடில்லாமல் ஓடின. தகடு கொடுக்கப் பிந்திய திணைக்களம் மாதத்துக்கு 3 வீதம் யாருக்காவது கட்டியதா?

இதே நாட்டில் பாராளுமன்ற உறுப்பினர்களுக்குத் தீர்வையற்ற அனுமதிப்பத்திரம் கொடுத்த காலமும் இருந்தது. அந்தப் பத்திரங்களைக் கைமாற்றிக் காசாக்கியது ஊரறிந்த சங்கதி. அப்போது வரியின் புனிதமும் செலாவணியின் அருமையும் யாருக்கும் ஞாபகம் வரவில்லை!

நாம் கேட்பது சலுகையல்ல. பத்திரங்கள் சரியாயிருந்தால் இத்தனை நாளில் விடுவிப்போம் என்று சுங்கம் எழுத்தில் சொல்லட்டும். விதிக்கு அர்த்தம் காணும் சர்ச்சை அரசாங்கத்துக்கும் வியாபாரிக்கும் இடையே என்றால், அது தீரும்வரை தாமதக் கட்டணமும் தண்டமும் ஓடக் கூடாது. ஜப்பானிய ஏலத் தாளின் மூலப் பிரதியைக் காட்டாமல் வியாபாரி முற்பணம் வாங்குவதைத் தடைசெய்ய வேண்டும். விதியை மாற்றுவதானால், பணம் கடல் கடந்து போனபின் அல்ல, போகுமுன் வர்த்தமானியில் வரட்டும்; தமிழிலும் அதே நாளில் வரட்டும்.