பல்லிக்குப் பலன் பார்த்தது போதும்

மேலே பல்லி விழுந்தால் பஞ்சாங்கத்தைப் புரட்டுகிறோம். தலைக்கு ஒரு பலன், தோளுக்கு ஒரு பலன். ஆனால், கூரையில் தலைகீழாக ஓடும் அந்தப் பிராணி ஏன் எப்போதும் விழுந்துகொண்டே இருப்பதில்லை? யோசிக்கவேண்டியது அதைத்தான்.

இரவில் விளக்குக்கு வரும் பூச்சியைத் தேடி ஜன்னல் கண்ணாடியின் வெளிப்புறத்தில் பல்லி ஒட்டிக்கொண்டிருக்கும்போது, உள்ளே இருந்து அதன் பாதத்தைப் பாருங்கள். விரல்களின் அடியில் வரிவரியாக மடிப்புகள் தெரியும். அடி பெயர்க்கும் ஒவ்வொரு முறையும் விரல்நுனி மேல்நோக்கிச் சுருண்டு, கண்ணாடியை விட்டு உரிந்து வரும். அங்கே பசை எதுவும் கிடையாது. அந்த மடிப்புகள் முழுக்க நுண்மயிர்கள். டோக்கே என்னும் பெரிய பல்லிக்கு ஒரு பாதத்தில் மட்டும் ஏறக்குறைய 5 லட்சம்! ஒவ்வொரு மயிரின் முனையும் நூற்றுக்கணக்கில் பிளந்திருக்கிறது. அந்த முனைகள் சுவரை மிக நெருங்கிவிடுவதால், மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள ‘வாண்டர் வால்ஸ்’ ஈர்ப்பே பல்லியின் எடையைத் தாங்கிவிடுகிறது. அமெரிக்க உயிரியலாளர் கெல்லர் ஆட்டமும் சக ஆய்வாளர்களும் 2002-இல் இதைச் சோதனைகளால் காட்டினார்கள்.

ஓணான், அரணை, உடும்பு, பச்சோந்தி எல்லாம் பல்லிக்குச் சொந்தங்கள்தான். உலகில் இந்தக் கூட்டத்தில் 7,000-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழும் பறக்கும் ஓணான், விலா எலும்புகளை விரித்து, அவற்றோடு விரியும் தோலைச் சிறகாக்கி மரத்துக்கு மரம் மிதந்து செல்கிறது. அதில் பெண் தரையில் இறங்குவது முட்டையிடத்தான். பச்சோந்தியின் தோலில் நுண்படிகங்கள் இருக்கின்றன. அவற்றின் இடைவெளி மாறும்போது நிறம் மாறுகிறது. ஒளிந்துகொள்வதற்காக மட்டும் அல்ல, எதிரியை மிரட்டவும் இணையைக் கவரவும்கூட அது நிறம் மாறுகிறது. கலாபகஸ் தீவுகளின் கடல் இகுவானா, கடலில் மூழ்கிப் பாசியைத் தின்றுவிட்டு, உடம்பில் சேரும் உப்பை மூக்கு வழியாகப் பீய்ச்சிவிடுகிறது. கடல்நீர் சூடாகும் எல் நினோ காலத்தில் பாசி அற்றுப்போனால் அதன் உடல் நீளமே குறைகிறது. ஐந்தில் ஒரு பங்கு வரைகூடக் குறைந்திருக்கிறது. உணவு திரும்பியதும் மறுபடி வளர்கிறது.

இத்தனை திறமையோடு பிழைத்திருக்கும் உயிர்களுக்கு நம்மிடம் கிடைப்பது கல்லடி. அரணை கடித்தால் மரணம் என்கிறோம். அரணைக்கு விஷமே கிடையாது. ராமரை ஓணான் அவமதித்ததாக ஒரு கதையைச் சொல்லி அதை அடிக்கிறோம். வீரியம் கூடும் என்று நம்பி உடும்பைக் கொன்று தின்கிறார்கள். அந்த நம்பிக்கைக்கு எந்த ஆதாரமும் இல்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உடும்பை முதல் அட்டவணையில் வைத்திருக்கிறது. அதை வேட்டையாடினால் சிறை.

சட்டம் உடும்பைக் காக்கலாம். வேலியோர ஓணானையும் வீட்டுப் பல்லியையும் காக்கவேண்டியவர்கள் நாம்தான். பிள்ளைகள் கையில் கல்லை எடுத்தால் தடுங்கள். திட்டி அனுப்பிவிடாமல், பக்கத்தில் உட்காரவைத்து அந்த ஓணானைக் கொஞ்ச நேரம் பார்க்கச் சொல்லுங்கள். அப்படிப் பார்த்த பிள்ளைக்குக் கல்லெறிய மனம் வராது.