சொந்தப் பிள்ளைக்கு மோர்!

2024 நவம்பர் 24. ஐ.பி.எல். ஏலம் நடந்ததென்னவோ ஜெட்டாவில். பி.பி. ஏறியது மயிலாப்பூரில், எங்கள் மாடி வீட்டு மாமாவுக்கு!

சி.எஸ்.கே.யின் 120 கோடியில் ஐந்து பேரைத் தக்க வைத்ததிலேயே 65 கோடி காலி. மிச்சம் 55. நான் பி.காம். என்பதால் கணக்குப்பிள்ளை வேலை எனக்கு.

"ஏம்ப்பா, நம்மூர்ப் பசங்க கண்ணுக்கே தெரியாதா? 2008-லே தினேஷ் கார்த்திக்கை டெல்லிக்கு விட்டா. வருண் சக்கரவர்த்தி இங்கே நெட்ஸ்ல பந்து போட்டான், கொல்கத்தா கொத்திண்டு போயிட்டான். அசலூர் மாப்பிள்ளைக்கு நெய், சொந்தப் பிள்ளைக்கு மோரா?"

"ராஞ்சி மாப்பிள்ளைதானே மாமா அஞ்சு கப் கொண்டுவந்தார்?" என்றேன். முறைத்தார்.

அந்த நேரம் பார்த்து டி.வி.யில் அஸ்வின் பெயர். ஏலம் ஏறி ஏறி, 9 கோடியே 75 லட்சத்துக்கு சி.எஸ்.கே.! "மேற்கு மாம்பலம் ஆத்துக்கு வந்துடுத்துடி!" என்று மாமா துள்ள, எனக்கும் ஒரு டம்ளர் காபி லாபம்.

2025-ல் சி.எஸ்.கே.வுக்குக் கடைசி இடம். ஆகஸ்டில் அஸ்வின் ஐ.பி.எல்.லுக்கே டாட்டா காட்டிவிட்டார்.

"என்ன மாமா, கணக்கு உதைக்கிறதே?" என்று சீண்டினேன்.

"போடா! பத்து வருஷம் கழிச்சு ஊருக்கு வந்து ஆடினானே, அதுக்கு விலை உண்டா?"

உள்ளேயிருந்து மாமி குரல்: "நம்ம பையனை பெங்களூர் கம்பெனி எடுத்துண்டு போயும் எட்டு வருஷமாச்சு. அவன் எந்த ஏலத்துல திரும்பி வருவான்னு கேட்டுச் சொல்லுங்கோ!"

மாமா டி.வி.யை அணைத்துவிட்டார். நானும் கணக்கை மூடினேன்.